ஓகஸ்ட் முகாமும் மேற்குக் கட்டடக் கூரையும்

(நூற்றாண்டு விழாவின் இரண்டாம் நாள் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் அக்கா எனக்குத் தந்த தலைப்பு ‘எமது முகாமின் எதிர்காலம்’. தந்த நேரம் இருபது நிமிடம். எதிர்காலம் சொல்ல ஊரில் சாத்திரிமார் இருக்கிறார்கள். நான் வைத்தியர். வந்த ஆளைப் பார்த்து, இன்றைக்கு என்ன செய்யவேண்டும் என்று சொல்லத்தான் எனக்குத் தெரியும். ஆகவே விடுதியின் மேற்குக் கட்டடக் கூரையைப் பற்றியும், அதற்குக் காசு கேட்பது ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்பதைப் பற்றியும் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன்.

முகாமை நேரில் கண்டிராத சகோதரிகளுக்காக முதலில் ஒரு விளக்கம். ஓகஸ்ட் விடுமுறையில் விடுதிப் பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, மேற்குக் கட்டடத்தில் எமது சங்கம் ஐந்து இரவு முகாம் நடத்துகிறது. எட்டு வயது முதல் பதினாறு வயது வரையான பெண்பிள்ளைகள் வருகிறார்கள். எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் என்று இல்லை. குடாநாட்டின் எந்தப் பாடசாலையிலிருந்தும், கிளிநொச்சி, முல்லைத்தீவிலிருந்தும் வருவார்கள். எல்லோருக்கும் பொதுவானது ஒன்றுதான்: முதலாம் வகை நீரிழிவு.

‘சீனி வருத்தம்’ என்றதும் எங்கள் சனத்துக்கு நினைவு வருவது அம்மம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் வந்த வருத்தம். இது வேறு. இன்சுலினைச் சுரக்கும் சதையியின் கலங்களை உடலின் நிர்ப்பீடனத் தொகுதியே அழித்துவிடுகிறது. பிள்ளை ரொபி தின்றதால் வந்ததும் அல்ல, தாய் பத்தியம் காக்காததால் வந்ததும் அல்ல. ஒரு நாளைக்கு இரண்டு முதல் நான்கு தடவை இன்சுலின் ஊசி, அதுவும் வாழ்நாள் முழுவதும். நிறுத்தினால் சில நாட்களுக்குள் உயிருக்கு ஆபத்து. இன்சுலின் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. எவ்வளவு போடுவது என்று தீர்மானிக்க விரலில் குத்திப் பார்க்கும் கீற்றுகளை அனேகமாகக் குடும்பம்தான் கடையில் வாங்கவேண்டும். கூலி வேலைக்குப் போகும் தகப்பனுக்கு அது சின்னச் செலவல்ல.

கிளினிக்கில் ஒரு பிள்ளைக்கு எனக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வாசலில் இன்னும் நாற்பது பேர் துண்டோடு நிற்பார்கள். அந்த நேரத்தில் மருந்தின் அளவை எழுதலாம், எடையைப் பார்க்கலாம். நாலு இடியப்பத்துக்கு எவ்வளவு, குழல் புட்டுக்கு எவ்வளவு, கோவிலில் கையில் தந்த மோதகத்தை என்ன செய்வது, நெட்போல் பயிற்சி உள்ள நாளில் எவ்வளவு குறைப்பது, விரதம் பிடிக்கலாமா என்றெல்லாம் அங்கே சொல்லிக்கொடுக்க முடியாது. இவை வாய்ப்பாடு போல மனனம் செய்யும் விடயங்களும் அல்ல. சமைத்து, எண்ணி, தின்று, ஓடி, குத்திப் பார்த்துத்தான் பழகவேண்டும். கை நடுங்கி வியர்த்தால் 15 கிராம் குளுக்கோசு, அதாவது மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைக் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்துத் திரும்பவும் குத்திப் பார்ப்பது என்பதைப் பத்து வயதுப் பிள்ளை ஒருமுறை தானாகச் செய்துவிட்டால், பிறகு அவள் பயப்படமாட்டாள். தாயும் பயப்படமாட்டார்.

முகாமில் எங்களுக்கு நித்திரை இல்லை. பகல் முழுவதும் ஓடி விளையாடிய பிள்ளையின் தசைகள் இரவிலும் குருதியிலிருந்து குளுக்கோசை இழுத்துக்கொண்டிருக்கும். கசூரினாக் கடற்கரைக்குப் போய்வந்த இரவுதான் ஆகவும் கவனம் வேண்டிய இரவு. அன்றைக்கு இன்சுலினைக் குறைத்துப் போட்டுவிட்டு, அதிகாலை இரண்டு மணிக்கு ரோர்ச் லைற்றோடு கட்டில் கட்டிலாகப் போய் விரலைப் பிடிப்போம். சில பிள்ளைகள் கண்ணைத் திறக்காமலே விரலை நீட்டுவார்கள்.

இவ்வளவும் வைத்தியம். ஆனால் முகாமின் பெரிய வேலை வைத்தியம் அல்ல என்பது என் அபிப்பிராயம்.

பெண்பிள்ளைக்கு இந்த வருத்தம் வந்தால் எங்கள் வீடுகளில் முதல் வரும் சொல் ‘ஆருக்கும் சொல்லாதே’. காரணம் உங்களுக்குத் தெரியும், நாளைக்குக் கலியாணம் பேசவேண்டும். பக்கத்து வீட்டுக்குத் தெரியாது, சில இடத்தில் வகுப்பாசிரியைக்கும் தெரியாது. பாடசாலையில் மத்தியான ஊசியைத் தவறவிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் ஒருத்தி இருந்தாள். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கரண்ட் இல்லை, பற்றரிக்குத் தடை, விரலில் குத்திப் பார்க்கும் கருவியை நாங்கள் கண்டதே இல்லை. அவளின் அம்மா காலையில் சிறுநீரைப் பெனடிக்ற் கரைசலோடு சூடாக்கிப் பார்ப்பாராம். நீலமாக இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள் என்று மாறிச் செங்கல் நிறத்துக்குப் போனால் கூடாது. நாங்கள் ஆய்வுகூடத்தில் வரிசையாக நின்று செய்து புள்ளி வாங்கிய அதே பரிசோதனை அவளின் வீட்டுக் குசினியில் ஒவ்வொரு நாளும் நடந்திருக்கிறது. பக்கத்துக் கதிரையில் இருந்த எனக்கு அது தெரியாது. படிப்பு முடிந்து எத்தனையோ வருடம் கழித்து அவளே சொன்னாள். இப்போது வெளிநாட்டில் நல்ல சுகமாக இருக்கிறாள். அவளின் அனுமதியோடுதான் பெயர் சொல்லாமல் இதைச் சொல்கிறேன்.

முகாமுக்கு வரும் பிள்ளை முதல்நாள் காலையில் என்ன காண்கிறாள்? சாப்பாட்டு மண்டபத்து வாங்கில் தன்னைப் போன்ற பிள்ளைகள் வரிசையாக இருந்து, கதைத்துச் சிரித்துக்கொண்டே ஊசி போடுவதைக் காண்கிறாள். அதைக் கண்டபிறகு எனக்குச் சொல்லிக்கொடுக்க அதிகம் மிச்சமில்லை.

இப்படி ஒரு முகாம் எங்கள் கண்டுபிடிப்பல்ல. இங்கே ரொறன்ரோவிலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். 1922 ஜனவரியில் உங்கள் ஊரின் பொது மருத்துவமனையில்தான் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அதற்கு முன்னர் இந்தப் பிள்ளைகளுக்கு இருந்த வைத்தியம், பட்டினி போட்டு நாட்களை நீட்டுவது. இன்சுலின் வந்த பிறகு பிள்ளைகள் பிழைத்தார்கள். பிழைத்த பிள்ளைகளை எப்படி வாழப் பழக்குவது என்ற கேள்வி அப்போதுதான் வந்தது. 1925இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனார்ட் வென்ற் என்ற வைத்தியர் நீரிழிவுப் பிள்ளைகளுக்கென்று ஒரு கோடை முகாம் நடத்தினார். அங்கே நீண்ட விடுமுறை கோடையில்தான்.

எனக்குப் பிடித்த கதை அதற்கு அடுத்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தை 1881இல் தொடங்கிய கிளாரா பார்ட்டன் அம்மையார் பிறந்த வீடு மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஒக்ஸ்போர்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது. யூனிவர்சலிஸ்ற் திருச்சபைப் பெண்களின் சங்கம் ஒன்று 1920களில் அந்த வீட்டை வாங்கியது. வாங்கிய வீட்டைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் போலப் பூட்டி வைத்திருக்கலாம். அந்தப் பெண்கள் அப்படிச் செய்யவில்லை. அதே ஒக்ஸ்போர்ட்டில் பிறந்து, பொஸ்ரனில் நீரிழிவு வைத்தியத்துக்கே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் எலியற் ஜொஸ்லின். அவரோடு சேர்ந்து 1932இல் அந்த வளவில் நீரிழிவுள்ள பெண்பிள்ளைகளுக்கு முகாம் தொடங்கினார்கள். 1932 என்பது அமெரிக்காவில் வங்கிகள் முறிந்து, வேலையில்லாமல் சனம் தெருவில் நின்ற காலம். காசு வந்த பிறகு தொடங்குவோம் என்று இருந்திருந்தால் அந்த முகாம் தொடங்கியே இராது. எண்பது வருடங்களைத் தாண்டியும் அது நடந்தது.

ஒரு பெண்கள் சங்கம், கையில் ஒரு பழைய கட்டடம், கூப்பிட்டால் வர ஆயத்தமான ஒரு டொக்ரர். எனக்கு இந்தப் படம் எங்கேயோ பார்த்தது போல இருக்கிறது.

எமது முகாம் யுத்தநிறுத்த காலத்தில், ஓய்வுபெற்ற தாதி உத்தியோகத்தரான எங்கள் பழைய மாணவி ஒருவரின் பிடிவாதத்தால் தொடங்கியது. 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது நின்றது. யுத்தம் முடிந்து சில வருடங்களில் திரும்பவும் தொடங்கினோம். 2020இலும் 2021இலும் கொரோனாவால் இல்லை. 2022இல் பஸ்ஸுக்கு டீசல் இல்லை, ஆஸ்பத்திரியிலேயே மருந்துத் தட்டுப்பாடு, மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. அந்த வருடம் முகாமுக்குப் பதிலாக வீடுகளுக்குப் போய்ப் பானை வைக்கச் சொல்லிக்கொடுத்தோம். பெரிய மண்பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் இன்சுலின், மேலே ஈரத்துணி. எங்கள் வெயிலுக்கு இன்சுலினைக் காப்பாற்றக் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இதைவிட நல்ல வழி இல்லை.

இந்த மூன்று வருடத்தில் மேற்குக் கட்டடத்தின் முகாம் பகுதி பூட்டிக் கிடந்தது. ஆள் புழங்காத வீட்டுக்கு என்ன நடக்கும் என்று இடம்பெயர்ந்து திரும்பிய எங்களுக்கு ஒருவரும் சொல்லத் தேவையில்லை. பீலியில் மாவிலைச் சருகு நிரம்பி, தண்ணீர் உள்ளே வழிந்து, சுவர் ஊறி, கறையான் சுவரோடு ஏறிச் சலாகையைத் தின்றுவிட்டது. ஓடுகள் அப்படியே இருக்கின்றன. ஓடுகளைத் தாங்கும் மரம்தான் இல்லை. மரவேலைக்காரர் உளியால் வளையைக் குத்திக் காட்டினார். உளி மாவுக்குள் போவது போலப் போனது.

அங்கேதான் எங்கள் நிதிப் பிரச்சினையின் முடிச்சும் இருக்கிறது. முகாம் நடப்பது ஓகஸ்டில். குடாநாட்டில் மழை கொட்டுவது ஐப்பசி, கார்த்திகையில். முகாம் நடக்கும்போது ஒழுக்கு இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் சகோதரிகள் முகாமைப் பார்க்க வருவதும் அந்த மாதத்தில்தான். வெள்ளை அடித்த சுவர், காய்ந்த முற்றம், வேப்பமர நிழல், பாட்டுப் பாடும் பிள்ளைகள். ‘வடிவாக வைச்சிருக்கிறியள்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்கள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணில் படாததுக்கு ஆர் காசு தருவார்?

தந்தவர்கள் தாராளமாகத்தான் தந்திருக்கிறார்கள். கட்டில்கள் வந்தன. மின்விசிறிகள் வந்தன. தண்ணீர்த் தாங்கி வந்தது. ஒவ்வொன்றிலும் அன்பளித்தவரின் பெயரும், ‘அன்னாரின் நினைவாக’ என்ற வரியும் இருக்கின்றன. அது எங்கள் வழக்கம், நல்ல வழக்கம். இறந்துபோன அம்மாவின் பெயரை ஒரு பிள்ளை படுக்கும் கட்டிலில் எழுதுவதில் என்ன பிழை? ஆனால் ‘இந்த வருடம் பீலி துப்புரவாக்கியவர்’ என்று ஒரு கல்வெட்டு வைக்க முடியாது. தாங்கியைத் தந்தார்கள், அதைக் கழுவுவதற்கு ஒருவரும் தரவில்லை. குடாநாட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்று அதிகமென்று எல்லோருக்கும் தெரியும், வருடாவருடம் தண்ணீரைப் பரிசோதிப்பதற்கு ஒருவரும் தரவில்லை. பாவித்த ஊசிகளைப் பாதுகாப்பாகச் சேர்த்து எரியூட்டிக்கு அனுப்பவேண்டும், அதற்கும் இல்லை. புதிதாகத் தருபவருக்கு ஒரு நாள் திறப்புவிழா கிடைக்கிறது. பராமரிப்பவருக்கு ஒன்றும் நடக்காமல் இருப்பது கிடைக்கிறது. ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் படமெடுத்து அனுப்புவது எப்படி?

படம் என்றதும் இன்னொரு விடயம். இதைச் சொல்லலாமா விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து உதவி செய்யக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது பிள்ளைகளின் படம். பிள்ளை ஊசி போடும்போது எடுத்தது, தாயோடு நின்று எடுத்தது, முடிந்தால் வீட்டின் படமும். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நிதி சேகரிப்பு நெடுங்காலமாக அப்படித்தான் நடந்திருக்கிறது. 1877இல் வில்லார்ட் பார்சன்ஸ் என்ற போதகர் நியூயோர்க் நகரத்து ஏழைப் பிள்ளைகளை நாட்டுப்புற வீடுகளில் கோடை விடுமுறைக்குத் தங்கவைத்தார். ‘நல்ல காற்று நிதி’ என்று சொல்லக்கூடிய ஒரு பெரிய நிதியமாக அது வளர்ந்தது. நியூயோர்க் ட்ரிபியூன் பத்திரிகை அதைப் பொறுப்பெடுத்து, வாசகர்களிடம் காசு சேர்த்தது. இரங்கும்படி எழுதினால் காசு வரும் என்பது பத்திரிகைக்காரருக்கு அப்போதே தெரியும்.

ஆனால் எங்கள் பிள்ளைகள் நியூயோர்க்கில் தொலைந்துபோகிற பிள்ளைகள் அல்ல. இங்கே ஒரு படம் முகநூலில் ஏறினால் மாலைக்குள் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போய், மறுநாள் காலையில் அவளின் பெரியம்மாவின் தொலைபேசிக்குத் திரும்பிவந்துவிடும். எந்தத் தாய் ‘ஆருக்கும் சொல்லாதே’ என்று சொல்லிப் பயந்து பயந்து பிள்ளையை எங்களிடம் அனுப்பினாரோ, அந்தத் தாயின் நம்பிக்கையை ஒரு காசோலைக்காக விற்க முடியாது. பிள்ளை வளர்ந்து, ‘எனக்கு இந்த வருத்தம் இருக்கிறது, அதனால் என்ன’ என்று தானே மேடையில் சொன்னால் நான் முதல் ஆளாகக் கை தட்டுவேன். சொல்வதா இல்லையா என்பதை அவள்தான் தீர்மானிக்கவேண்டும். அதை நாங்கள் பத்து வயதில் அவளுக்காகச் செய்யக்கூடாது. முகாமில் பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுப்பதில்லை என்று சங்கம் எடுத்த முடிவு சரியான முடிவு. அதனால் சில உதவிகள் கைவிட்டுப் போயிருக்கலாம். போகட்டும்.

அப்படியானால் எதைக் காட்டிக் காசு கேட்பது?

கூரையைக் காட்டிக் கேட்போம் என்கிறேன். கறையான் தின்ற சலாகையின் படத்தை எத்தனை பேருக்கும் அனுப்பலாம். புதுச் சலாகை ஏற்றிய படத்தை அடுத்த மாதம் அனுப்பலாம். பீலியின் படம், தாங்கியின் உட்புறம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, மரக்காலைப் பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் அனுப்பலாம். கூரைக்கு ஒருவரும் கலியாணம் பேசுவதில்லை. பராமரிப்புக்குக் காசு கேட்பது கஷ்டம் என்று இதுவரை நினைத்தோம். எங்களைப் போன்ற ஒரு முகாமுக்கு ஒருவரின் மானத்தையும் தொடாமல் கேட்கக்கூடிய காசு அது ஒன்றுதான்.

இனிக் கணக்கு. பொருளாளர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

வருடத்துக்கு வருடம் கையேந்தும் வேலை எவரையும் களைக்கவைத்துவிடும். அமெரிக்க நடிகர் போல் நியூமன் 1982இல் நண்பர் ஒருவரோடு சேர்ந்து சலாட்டுக்கு ஊற்றும் சோஸ் போத்தலில் அடைத்து விற்கத் தொடங்கினார். இலாபம் முழுவதும் தருமத்துக்கு. 1988இல் கனெற்றிகட் மாநிலத்தில் புற்றுநோயும் கடுமையான குருதி நோய்களும் உள்ள பிள்ளைகளுக்கு ஒரு முகாமைத் திறந்தார். பெற்றோரிடம் ஒரு சதமும் வாங்குவதில்லை. நடிகரின் பெயர் அதற்கு உதவியது உண்மை. எங்களிடம் நடிகர் இல்லை, ஆனால் ஒவ்வொரு கொடிவிற்பனை நாளிலும் அரைமணித்தியாலத்தில் முடிந்துபோகும் கறித்தூள் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போகும் ஒவ்வொரு பயணப் பெட்டியிலும் இரண்டு கிலோ தூள் போகிறது. அது எவருடைய தூளாகவோ இருப்பதற்கு எங்கள் 88ஆம் ஆண்டு அணி அக்காமார் வறுத்து இடித்த தூளாக இருக்கட்டும். அவர்கள் வருடத்தில் இரண்டு தரம் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சின்னத் தொகைதான், ஆனால் ஒருவரிடமும் கேட்காமல் வரும் தொகை. பீலி துப்புரவாக்கவும் தாங்கி கழுவவும் அது காணும்.

பெரிய செலவுக்கு வைப்பு நிதி வேண்டும். நிலையான வைப்பில் போட்டு வட்டியில் நடத்துவோம் என்று சொல்வது சுலபம். 2022இல் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்கு 70 வரை போனது. வைப்பு வட்டி நூற்றுக்கு 20ஐத் தாண்டியபோது எல்லோரும் சந்தோசப்பட்டோம். உண்மையில் முதல் கரைந்துகொண்டிருந்தது. பிறகு வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. ஆகவே வட்டி முழுவதையும் செலவழிக்கும் நிதியம் சில வருடத்தில் பெயருக்கு மட்டும் இருக்கும். 100 ரூபாவுக்கு 8 ரூபா வட்டி வந்தால் 3 ரூபாவை முதலோடு சேர்த்துவிட்டு 5 ரூபாவை மட்டும் கூரைக்குச் செலவழிக்கவேண்டும். விலைவாசி பாயும் வருடத்தில் அதுவும் இல்லை, தூள் காசோடு சமாளிக்கவேண்டும். இந்த விதியை நிதியத்தின் யாப்பிலேயே எழுதிவிடுங்கள். பின்னால் வரும் செயற்குழுவுக்கு, நல்ல மனதோடுதான், முதலில் கைவைக்க ஆசை வரும்.

நூற்றாண்டு நினைவாக முகப்பு வளைவு கட்டும் யோசனை இருக்கிறது. நான் வளைவுக்கு எதிரி இல்லை. எனக்கும் அதற்குக் கீழே நின்று படம் எடுக்க விருப்பம்தான். என்னுடைய வேண்டுகோள், வளைவானாலும் மண்டபமானாலும் கட்டுவதற்குச் சேர்க்கும் ஒவ்வொரு 10 ரூபாவிலும் 1 ரூபாவைப் பராமரிப்பு வைப்பில் இடவேண்டும் என்று இந்தக் கூட்டம் தீர்மானிக்கவேண்டும். அந்த 1 ரூபா இல்லையென்றால், 110ஆவது ஆண்டு விழாவில் வேறு ஒரு டொக்ரர் எழும்பி நின்று வளைவில் வெடிப்பு என்று சொல்வார்.

திருத்திய பிறகு பெருப்பிக்கவும் இருக்கிறது. மின்வெட்டில் குளிர்சாதனப் பெட்டி நிற்காமல் இருக்கச் சூரியமின் தகடும் மின்கலமும் வேண்டும். வாகரை, மலையகம் என்று தூரத்திலிருந்து கேட்கிற பெற்றோருக்குப் பஸ் காசு வேண்டும். தாய்மாருக்கென்று ஒரு முழுநாள் வேண்டும், அவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைப்பதற்கு. ஆண்பிள்ளைகளை என்ன செய்வது என்று கிளினிக்கில் தகப்பன்மார் கேட்கிறார்கள். கிளாரா பார்ட்டன் முகாமுக்குப் பக்கத்து ஊரில் பையன்களுக்கு ஜொஸ்லின் பெயரில் முகாம் வந்தது 1948இல், 16 வருடம் கழித்து. நாங்கள் அவ்வளவு காலம் எடுக்கத் தேவையில்லை. இது பெண்கள் விடுதி என்பதால் எங்கள் அயல் ஆண்கள் கல்லூரியின் பழைய மாணவர்களிடம் கதைக்கலாம், அவர்களிடம் எங்களைவிடக் காசும் இருக்கிறது, கதையும் இருக்கிறது.

ஆனால் இவற்றில் எதையும் கூரைக்கு முன்னர் தொடங்கவேண்டாம் என்பதுதான் வைத்தியராக என் ஆலோசனை. குருதி ஓடிக்கொண்டிருக்கும் நோயாளிக்கு ஒருவரும் பல் கட்டுவதில்லை.

மரவேலைக்காரர் புரட்டாதிக்குள் தொடங்கினால்தான் மாரிக்கு முன் ஓடு ஏற்றலாம் என்கிறார். அவரின் மதிப்பீடு, மரத்தின் அளவு, ஓட்டின் எண்ணிக்கை எல்லாம் ஒரு தாளில் எழுதி மண்டப வாசலில் ஒட்டியிருக்கிறது. அந்த உளி இறங்கிய வளையின் ஒரு துண்டையும் மேசையில் வைத்திருக்கிறேன். கையில் எடுத்துப் பாருங்கள், தும்பு தும்பாக வரும், சேலையில் படாமல் பிடியுங்கள். மாதாமாதம் தருபவர்களுக்குப் பச்சைப் படிவம், ஒரேயடியாகத் தருபவர்களுக்கு மஞ்சள் படிவம். பெயர் வெளியிட விரும்பாதவர்கள் அதற்குரிய கட்டத்தில் புள்ளடி போடுங்கள். மதிப்பீட்டுக்கு மேல் வருவது முழுவதும் வைப்புக்குப் போகும்.

தேத்தண்ணி தயாராகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். சீனி போடாததும் தனியாக இருக்கிறது.